பேசக் கூடாத ஐப்பசி

பத்தாம் வகுப்புக்கு வட்டத்தின் தொடுகோட்டை நடத்திக்கொண்டிருந்தபோது என் குரல் நின்றுபோனது. கரகரப்பும் கம்மலும் பல மாதங்களாக இருந்தவைதான். மிளகும் பனங்கற்கண்டும் வாயில் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு "தொடுகோடு வட்டத்தை ஒரே ஒரு" என்ற இடத்தில் வாய் அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். மறுபடியும் முயன்றேன். விரிசல் விட்ட புல்லாங்குழலை ஊதியதுபோல் வெறும் காற்று. சிரிப்பு நின்றது. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி அமைதிப்படுத்திய வகுப்பு அன்று தானாகவே அமைதியாகி என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆரணியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். என் கணவருக்கு வேலூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. விடிந்ததும் பஸ் பிடித்துப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஒன்பதாவது, சின்னவள் மூன்றாவது.

காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்தால் அப்புறம் நான் உட்காருவது பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்தும்போதுதான். பள்ளி முடிந்தால் சபை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சனிக்கிழமை பாடகர் குழு பயிற்சி. அந்தக் குழுவை நடத்துவது நான். ஞாயிற்றுக்கிழமை காலை ஓய்வுநாள் பாடசாலை, அதன் பிறகு ஆராதனை, ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கம். அதற்குச் செயலாளரும் நானே. சில ஞாயிறுகளில் சாயங்காலம் பெரணமல்லூர் பக்கத்துக் கிராமங்களில் ஜெபக்கூட்டம் இருக்கும். வேனில் பத்து பேர் நெருக்கி உட்கார்ந்து போவோம். என் வாரத்திலேயே பெரிய வேலைநாள் ஞாயிறுதான்.

"எப்படிம்மா இவ்வளவும் செய்றீங்க?" என்று கேட்பவர்களிடம் "ஆண்டவர் பெலன் தர்றார்" என்பேன். அது பொய்யில்லை. ஆனால் படுக்கப் போகும்முன் முழங்கால் போட்டால் ஒரு ஜெபத்தைக்கூட முழுதாக முடித்த ஞாபகம் இல்லை. "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பிப்பேன். காலைக்கு மாவு இருக்கிறதா என்று ஒரு எண்ணம் வரும். சின்னவளின் கிழிந்த பையைத் தைக்கவில்லை என்று இன்னொன்று வரும். கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாட ஆள் போதாது என்று வேறொன்று. பாதியில் கண் சொருகிவிடும்.

ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒருமுறை "இளைப்பாறுதல்னா என்ன?" என்று கேட்டேன். "ஸ்கூல் லீவு டீச்சர்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அந்த வார்த்தைக்கு என்னிடமும் அதைவிட நல்ல பதில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

குரல் நின்ற மறுநாள் என் கணவர் லீவு போட்டு என்னை வேலூருக்கு அழைத்துப் போனார். பெரிய ஆஸ்பத்திரி. தொண்டை பார்க்கும் டாக்டர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஏர் ஓட்றவங்க கையில காய்ப்பு காய்க்கும் பார்த்திருக்கீங்களா? அது மாதிரி உங்க குரல் நாண்ல காய்ப்பு விழுந்திருக்கு. ஆபரேஷன் வேணாம்னு நெனைக்கிறேன். ஆனா ஒரு மாசம் பேசக் கூடாது."

நான் தலையாட்டினேன்.

"கொஞ்சமா பேசலாம்னு நெனைக்காதீங்க. ஒரு வார்த்தைகூட வேணாம். கிசுகிசுன்னு பேசறது இன்னும் மோசம்."

"பாட்டு?" என்று காற்றாகக் கேட்டேன்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். "அதுதான் நீங்க இந்த மாசம் பேசின கடைசி வார்த்தை. சரியா?"

 என் கணவர் இயல்பாகவே அதிகம் பேசாதவர். திரும்பி வரும்போது, பஸ் கண்ணமங்கலம் தாண்டியதும் திடீரென்று, "சரி, இனிமே வீட்ல நான் பேசறேன்" என்றார். அன்று சாயங்காலம் அதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பதற்குக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசி மாதம் முழுக்கப் பள்ளிக்கு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தேன். சின்னவள் தன் பழைய சிலேட்டையும் பலப்பத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மாதம் கிடைத்திருக்கிறது, ஓய்வாக இருக்கலாம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு அந்த முதல் வாரத்தைப் போல் அலைச்சலான வாரம் அதற்கு முன் இருந்ததில்லை. பரணைத் துடைத்தேன். அரிசி டப்பாக்களை எல்லாம் கொட்டிப் புடைத்தேன். பாடகர் குழுவில் யார் எந்தப் பாகம் பாட வேண்டும், எந்த வரியில் மூச்சு விட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். அவர்கள் படித்து முடிப்பதற்குள் அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவேன். எழுத்து பெரிதாகிக்கொண்டே போகும். பலப்பம் கிறீச்சிடும்.

ஒருநாள் காலை சின்னவள் ரிப்பனைக் காணோம் என்று நின்றபோது, எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, நேற்றே ஏன் எடுத்து வைக்கவில்லை என்று மூன்று முறை எழுதி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கி, "அம்மா, நீங்க சிலேட்ல கத்துறீங்க" என்றாள்.

பெரியவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். நான் சிலேட்டைப் பார்த்தேன். அந்தக் கொட்டை எழுத்துகள் உண்மையாகவே கத்திக்கொண்டுதான் இருந்தன. மெதுவாகத் துடைத்துவிட்டு, அவளை மடியில் உட்காரவைத்துத் தலை பின்னினேன். அதற்குப் பிறகு சிலேட்டை அவசியத்துக்கு மட்டும்தான் எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனபோது பாடகர் குழுவில் உட்கார முடியவில்லை. முன்னால் உட்கார்ந்தால் பழக்கத்தில் வாய் திறந்துவிடும் என்று பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். குழுவை நடத்தும் பொறுப்பை, சபையில் நாங்கள் ஐயர் என்று அழைக்கும் ஆயர், ஒரு வாலிபத் தம்பியிடம் கொடுத்திருந்தார். கரண்ட் வேலை செய்கிறவன்; நல்ல குரல்; ஆனால் தாளத்தில் அவசரம். முதல் பாட்டிலேயே அவசரப்பட்டான். இரண்டாவது சரணத்தில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் போனார்கள். என் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. எங்கெங்கே தப்பு என்று மனம் குறித்துக்கொண்டே இருந்தது. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். அழும்போதும் சத்தம் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி நெசவு வீடுகள். பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பட்டு நெய்கிறவர்கள். கூடத்தில் தறி, அவர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார், அந்தம்மா பக்கத்தில் ராட்டையில் நூல் சுற்றுவாள், அவர் எழுந்தால் இவள் உட்காருவாள். பல வருஷமாகப் பக்கத்து வீடு. காலையில் வாசலில் பார்த்தால் "ஸ்கூலுக்கா டீச்சர்?" என்பாள், "ஆமாங்க" என்பேன். அதற்கு மேல் நின்று பேச எனக்கு நேரம் இருந்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு, அவள் பின்கதவு வழியாக வந்தாள். பெரிய குரல் அவளுக்கு. என் குரலையும் சேர்த்து அவளுக்கே கொடுத்துவிட்டதுபோல இருந்தது.

"இன்னா டீச்சர், தனியா குந்திகினு சொவத்தையே பாத்துகினு இருக்கறீங்க? வாங்க எங்க வூட்டுக்கு. நீங்க பேச வேணாம், நான் பேசறேன். இந்த மனுசன் ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டாரு, உங்களையாச்சும் பாத்து பேசறேன்."

போனேன். அவர் தறியிலிருந்தபடியே தலையை ஆட்டினார். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஏதாவது உதவி செய்யலாம் என்று ராட்டைப் பக்கம் கையை நீட்டினேன். "அய்யோ வாணாம் டீச்சர், பட்டு நூலு, சிக்கு உழுந்தா அவ்ளோதான்" என்று சிரித்துத் தடுத்துவிட்டாள். எனக்கு அங்கே செய்ய ஒன்றுமே இல்லை. சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை, திருத்த ஒன்றும் இல்லை, பேசவும் முடியாது. அப்படி ஒரு இடத்தில் நான் கடைசியாக எப்போது உட்கார்ந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

தினமும் போக ஆரம்பித்தேன். அவள் பேசுவாள். கலசப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்த தங்கச்சிக்கு மூன்றாவதும் பையன் பிறந்தது, கடைத்தெருவில் புதிதாக வந்த ஜவுளிக் கடையில் சாப்பாட்டு வேளையில் போனால் ஒருத்தரும் எழுந்து துணி எடுத்துக் காட்ட மாட்டார்கள் என்பது, சின்ன வயதில் அவள் ஆற்றில் முங்கிப் போகப் பார்த்த கதை. தறியின் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் நூல் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "டீச்சர், உங்க தொண்டை சரியாவணும்னு எங்க அம்மன் கிட்டயும் வேண்டிகினேன். நீங்க வேற சாமி கும்புடறவங்க, கோச்சிக்காதீங்க" என்றாள்.

பேச முடிந்திருந்தால் அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நல்லதாகத்தான் சொல்லியிருப்பேன், கொஞ்சம் நீளமாகவும் சொல்லியிருப்பேன். அன்று என்னால் முடிந்தது எட்டி அவள் கையைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்.

தீபாவளி வெடியெல்லாம் ஓய்ந்த மறுநாள் அமாவாசை; அன்று தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. நெசவு வீடுகளில் அன்று வேலை செய்ய மாட்டார்கள். வருஷக்கணக்காக அந்தத் தெருவில் குடியிருந்தும் அந்த அமைதியை நான் கேட்டதே இல்லை, பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன். மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது தெருவே மூச்சு விடுவதுபோல் இருந்தது. எங்கோ ஒரு வீட்டில் குழந்தைக்குத் தாலாட்டுவது கேட்டது. எழுந்து போய்ச் செய்ய வேண்டிய வேலை ஏதாவது உண்டா என்று மனம் தேடிப் பார்த்தது. பிறகு தேடுவதை விட்டுவிட்டது. தூங்கிப்போனேன்.

அதற்கப்புறம் மழை பிடித்தது. நான்கைந்து நாள் விடாமல் பெய்தது. ஜவ்வாது மலைப் பக்கம் இதைவிடப் பலமாகப் பெய்வதாகச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் காலையில் மேகம் கலைந்து வெயில் அடித்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து துணிகளை மாடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பக்கத்து வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"டீச்சர்! டீச்சர்! ஆத்துல தண்ணி வந்துகினு இருக்குதாம்! சந்தவாசல் பஸ்ல வந்தவங்க சொன்னாங்களாம். அங்க கரை பொரள போவுதாம். ஜல்தி வாங்க!"

எங்கள் ஊர் ஆற்றை அறியாதவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியாது. கமண்டல நாகநதி என்று பெயர் பெரிதாக இருக்கும். நான் கல்யாணமாகி ஆரணிக்கு வந்த நாளிலிருந்து அது மணல்தான். பாலத்தில் பஸ் போகும்போது கீழே பார்த்தால் வேலிக்காத்தான் புதர், மேயும் மாடு, லீவு நாளில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு ஆடும் கிரிக்கெட். மழைக்காலத்தில் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்கு நனைந்திருக்கும், அவ்வளவுதான். என் பிள்ளைகள் அதை ஆறு என்று சொல்லமாட்டார்கள், "பாலத்துக்குக் கீழே" என்பார்கள்.

ஈரத் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு ஓடினேன். நான் கடைசியாக ஓடியது எப்போதோ. தெரு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. தறியிலிருந்து எழுந்தவர்கள் இடுப்பில் கட்டிய துணியோடு வந்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு நின்றிருந்தார். பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுக ஆள். கரையில் ஆள். போலீஸ்காரர் ஒருவர் ஆற்று நடுவே நின்று ஊதல் ஊதி, மணலில் இருந்த மாடுகளையும் பையன்களையும் விரட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கரையில் ஒரு புளிய மரத்தடியில் இடம் பிடித்தோம்.

கண்ணுக்கு எட்டிய தூரம் மணல் வெயிலில் மினுங்கியது. ஒன்றும் வரவில்லை. "பொரளி கெளப்பிட்டானுங்களா?" என்றார் ஒருவர். "இரு இரு, வரும்" என்றார் இன்னொருவர். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்தியது.

முதலில் பறவைகள் எழும்பின. மேற்கே வளைவில் இருந்த கொக்குகள் ஒன்றாக எழுந்து வந்தன. பிறகு ஒரு சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, காலுக்குக் கீழே தரை லேசாக முணுமுணுத்தது. பிறகு ஈர மண்ணின் வாசனை வந்தது. அப்புறம்தான் தண்ணீரைப் பார்த்தேன்.

சுவர்போல் எழும்பி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. மணல்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு போல வந்தது. ஓரத்தில் நுரை, சருகு, குச்சி, யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு. ஒரு ஆள் நடக்கும் வேகம்தான். பள்ளம் வந்தால் நின்றது, அதை நிரப்பியது, ததும்பியது, மேலே வந்தது. வண்டித் தடம் ஒன்று இருந்தால் அதற்குள் விரலைப்போல் நீண்டு ஓடியது. அதற்கு முன்னால் எறும்பும் ஓணானும் பூச்சிகளும் ஓடிவந்தன. கிரிக்கெட் ஆடிய இடத்தில் நட்டிருந்த குச்சிகளைச் சுற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்று, அவற்றைச் சாய்த்து எடுத்துக்கொண்டு போனது. பல வருஷமாகத் தண்ணீர் ஓடாத மணல் அதைக் குடிக்கும் சத்தம் கேட்டது. சீறுவதுபோல ஒரு சத்தம். இந்த மணலெல்லாம் குடித்துத் தீர்ந்த பிறகு தண்ணீர் எங்கே மிஞ்சும் என்று நான் நினைப்பதற்குள், வளைவுக்குப் பின்னால் இருந்து மீதி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கரைக்குக் கரை.

பாலத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. என் வாழ்நாளில் அத்தனை பேர் ஒன்றாகச் சந்தோஷப்பட்டுக் கத்தி நான் கேட்டதில்லை. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் பூவும் தண்ணீரில் தூவினார்கள். "வந்துட்டா, வந்துட்டா பாருங்க டீச்சர்!" என்று பக்கத்து வீட்டம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

என் வாயும் திறந்தது. ஸ்தோத்திரம் என்று சொல்ல, ஒரு துதிப்பாட்டின் முதல் அடியை எடுக்க, ஏதோ ஒன்று. திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். பொத்திக்கொண்டு நின்றபோதுதான் கவனித்தேன், உள்ளே வார்த்தை எதுவும் வந்து காத்திருக்கவில்லை. எங்கும் வார்த்தையே இல்லை. அந்தத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை வரச்சொல்லி நான் கேட்டிருக்கவில்லை. அது வருவதற்கு நான் ஏற்பாடு எதுவும் செய்யவில்லை; யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை; வந்தபிறகு அதற்கு நான் செய்ய வேண்டியதும் ஒன்றும் இல்லை. எங்கோ மலைமேல், என் கண் படாத இடத்தில், நான் பரணைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்களிலும் அமாவாசை மத்தியானம் தூங்கிய நேரத்திலும், அது சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

எனக்கு உடம்பு நடுங்கியது. பயம்தான் அது, ஆனால் ஓடச் சொல்லாத பயம், அங்கேயே நிற்கச் சொன்ன பயம். கண்ணுக்கு முன்னால் இவ்வளவு பெரியது நடக்கும்போது நான் எவ்வளவு சின்னவள் என்று தெரிந்தது. அது தெரிந்தபோது துக்கம் வரவில்லை. பல வருஷமாகத் தூக்கிச் சுமந்த ஏதோ ஒன்று தலையிலிருந்து இறங்கியதுபோல் கழுத்து லேசானது. ஜெபம் பண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை. ஜெபம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதை நடத்துவது நான் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பள்ளி விட்டு என் பிள்ளைகளும் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார்கள். சின்னவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். தண்ணீர் அதற்குள் பாலத்தின் தூண்களில் மோதிச் சுழன்றுகொண்டிருந்தது. மேற்கே இறங்கிய வெயில் அதன்மேல் பட்டது.

"அம்மா, இது நம்ம ஆறா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"இவ்ளோ நாள் எங்க இருந்துச்சு?"

நல்லவேளை, எனக்குப் பேசக் கூடாது என்று உத்தரவு இருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேலே ஓடு ஒழுகி, தரையில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். கரண்ட் வேலை செய்யும் தம்பி பாட்டை ஆரம்பித்தான். அவசரம் அப்படியேதான் இருந்தது. ஆனால் என் விரல் தாளம் போடவில்லை. என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை முதல்முறையாகக் கேட்டேன். பாடகர் குழுவிலிருந்து பார்த்தபோது அவர்கள் எனக்கு வெறும் முகங்கள். வாய் திறந்து பாடுகிறார்களா இல்லையா என்று பார்ப்பதோடு சரி. இப்போது பக்கத்தில் இருந்த விதவைத் தாய்க்குப் பாட்டின் எந்த இடத்தில் குரல் உடைகிறது என்று கேட்டது. முன்வரிசை வாலிபப் பெண் ஒரு அடியைப் பாடாமல் விட்டுவிட்டு அடுத்ததில் சேர்ந்துகொள்வது கேட்டது. ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் எல்லோருக்கும் ஒரு சொல் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, அவருக்கும் இல்லை. எந்தச் சுருதியிலும் முழுதாகச் சேராத அந்த நூற்றுக்கணக்கான குரல்கள் எழும்பி, ஓட்டுக்கூரையில் பட்டு, என்மேல் இறங்கின.

நான் இல்லாமல் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அது நிற்கவில்லை, உடையவில்லை. எனக்காகவும் சேர்த்து அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக ஆராதனையை நடத்திக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று தோன்றியது. அன்று உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கிடைத்தது. மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, பாடிக்கொண்டே தன் முந்தானையை என் கையில் கொடுத்தார்.

மாதம் முடிந்து வேலூருக்குப் போனோம். டாக்டரம்மா கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சொன்னபடி கேட்டிருக்கீங்களே. டீச்சருங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். பேசிப் பார்க்கச் சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாமல் என் கணவரைப் பார்த்தேன். ஒரு மாதமாக வாசலில் வந்தவர்களிடமும் பால்காரரிடமும் பிள்ளைகளின் டீச்சர்களிடமும் எனக்காகப் பேசிப் பேசிக் களைத்திருந்தார் அவர்.

"தேங்க்ஸ்" என்றேன் அவரிடம். குரல் மெலிதாக, வேறு யாருடையதோ போல வந்தது.

"போதும், போதும். செலவு பண்ணாதே" என்றார் அவசரமாக. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

பேச்சு திரும்பியது. பாட்டு முழுதாகத் திரும்பவில்லை. மேல் சுருதிக்குப் போனால் குரல் பிசிறும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்தத் தம்பிதான் குழுவை நடத்தினான். அவசரமாகவே நடத்தினான், நன்றாகவே இருந்தது. பெண்கள் சங்கச் செயலாளர் வேலையை அடுத்த தேர்தலில் வேறொருவரிடம் விட்டேன். ஓய்வுநாள் பாடசாலையை மட்டும் வைத்துக்கொண்டேன், அந்தப் பிள்ளைகளை விட மனம் வரவில்லை. "ஏம்மா, விசுவாசத்துல தளர்ந்துட்டீங்களா?" என்று ஒரு அம்மா கவலையோடு கேட்டார். இல்லைங்க என்றேன். 

அதன்பிறகு என் வாழ்க்கை அமைதியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டாயிரம் பிறந்த பிறகுதான் நெருக்கடி அதிகமானது. பெரியவள் கல்லூரிக்குப் போனாள். என் மாமியார் படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம் எங்களோடு இருந்தார். எனக்குத் தலைமை ஆசிரியை பொறுப்பு வந்தது. தெருவில் கைத்தறியோடு பவர்லூமும் சேர்ந்துகொண்டது. பேப்பர் கட்டு, பெற்றோர் கூட்டம், மருந்து, மாத்திரை, செல்போன் மணி. சில நாள் நான் பழையபடியே ஓடினேன். ஓடுகிறேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அப்படித் தெரியும்போது நின்றுவிடுவேன். அடுப்படியிலோ, பள்ளி வராந்தாவிலோ, பஸ் ஜன்னலோரத்திலோ. ஒன்றும் கேட்க மாட்டேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த நடுக்கம் மெல்ல வரும், என்னைவிட மிகப் பெரிய ஒன்றின் ஓரத்தில் நிற்பதுபோல. வராத நாளும் உண்டு. அதற்காகவும் நான் அலட்டிக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போய்ப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளேயே இருந்துவிடுவது வழக்கமாகிப்போனது. ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் அண்ணன் முதலில் சில வாரம் தயங்கித் தயங்கி நின்றார். ஒருநாள் துடைப்பத்தோடு கிட்டே வந்தார்.

"இன்னாம்மா, விசேஷ ஜெபம் எதுனா? ஐயரைக் கூப்பிடட்டுமா?"

"இல்லண்ணே. சும்மாதான் இருக்கேன்."

அவர் என்னையும் காலியாகக் கிடந்த பெஞ்சுகளையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே பிள்ளைகள் ஓடி விளையாடும் சத்தம் கேட்டது. ஜன்னலில் வந்த வெயில் பீடம்வரை நீண்டிருந்தது. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக, எதுவும் பேசாமல், நெடுநேரம் அப்படியே இருந்தோம்.